பெரிய பள்ளிக்கூடத்தில் தண்ணி எங்கே குடிக்கிறது?

ஏப்ரல் மாதம் பிறந்ததும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாள் கொடுப்பேன். "அடுத்த வருஷம் போகப்போற பள்ளிக்கூடத்தைப் பத்தி என்ன தெரிஞ்சுக்கணுமோ எழுதுங்க, பேர் போட வேண்டாம்" என்பேன். பாடம் கஷ்டமாக இருக்குமா என்று கேட்கிற பிள்ளை அபூர்வம். வருகிற கேள்விகள் வேறு மாதிரி. தண்ணி எங்கே குடிக்கிறது? பாத்ரூம் போக யாரைக் கேட்கணும்? பஸ்ஸை விட்டுட்டா என்ன பண்றது? சாப்பாட்டுத் தட்டு நாமே கொண்டு போகணுமா? நானும் அவளும் ஒரே செக்‌ஷனா? ஒரு பையன் "எட்டாவது அண்ணனுங்க அடிப்பாங்களா" என்று எழுதி, அதை அடித்துவிட்டு, கீழே மறுபடி அதையே எழுதியிருந்தான்.

பிள்ளைகளுக்கு ஒரு மாற்றம் வரும்போது பெரியவர்கள் நாம் அதைப் பெரிதாகவே யோசிக்கிறோம். எதிர்காலம், படிப்பு, பழக்கவழக்கம், சேர்க்கை. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த மாற்றம் குழாயாகவும் தாழ்ப்பாளாகவும் பஸ் படிக்கட்டாகவும்தான் வந்து நிற்கிறது. அது கேட்பது தகவல். நாம் கொடுப்பது ஆறுதல். "போகப் போகச் சரியாயிடும்", "தைரியமா இரு", "நாங்கல்லாம் அந்தக் காலத்துல நடந்தே போனோம்". குழாய் எங்கே இருக்கிறது என்று கேட்ட பிள்ளையிடம் தைரியமாக இரு என்றால் அதற்கு என்ன புரியும்? ஏதோ பயப்பட வேண்டிய விஷயம் இருக்கிறது போல என்பதுதான் புரியும்.

எங்களுடையது செஞ்சிப் பக்கம், மல்லாட்டைக் கொல்லைகளுக்கும் பாறைக் குன்றுகளுக்கும் நடுவில் இருக்கிற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. எச்.எம். ஒருவர், இடைநிலை ஆசிரியையாக நான் ஒருத்தி. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள் போதும். எங்களிடம் பிள்ளைகள் அதைவிடக் குறைச்சல்தான். தொடக்க வகுப்புகள் 1 கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்கின்றன அந்தச் சட்டத்தின் விதிகள். காகிதத்தில் பார்த்தால் இடையில் இருப்பது 2 கிலோமீட்டர். பிள்ளைக்கு அந்த 2 கிலோமீட்டர் என்பது தார் ரோடு, லாரி, நிற்குமோ நிற்காதோ என்று தெரியாத டவுன் பஸ், அப்புறம் பேர் தெரியாத நூற்றுக்கணக்கான முகங்கள்.

அதுவரை இருந்தது என்ன? நானோ எச்.எம். சாரோதான் எல்லாப் பாடமும். பக்கத்துக் கட்டடத்து அங்கன்வாடியில் தங்கச்சி. இன்டர்வெல்லில் வீட்டுக்கு ஓடி, ஆயாவிடம் (எங்கள் பக்கம் பாட்டிதான் ஆயா) ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடித்துவிட்டு மணி அடிப்பதற்குள் திரும்பிவிடலாம். பள்ளி என்பது வீட்டுத் திண்ணையின் நீட்சி மாதிரி. அங்கிருந்து ஜூன் மாதம் ஒரு காலை, ஒன்றுமே கேட்காமல் ஆறாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறோம்.

இதில் யாரும் பேசாத ஒரு விஷயம் காலைச் சாப்பாடு. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அருமையான திட்டம், எங்கள் பள்ளியில் வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அது ஒன்று முதல் ஐந்து வரைதான். ஆறாம் வகுப்பில் மதியச் சத்துணவு உண்டு, காலை உணவு கிடையாது. எங்கள் ஊரில் பாதிப் பேர் விடிவதற்குள் களை எடுக்கவோ சித்தாள் வேலைக்கோ கிளம்பிவிடுவார்கள். புதன்கிழமை என்றால் பொங்கல் என்று வாரத்தையே சாப்பாட்டை வைத்து எண்ணிப் பழகிய பிள்ளை, ஜூன் மாதம் வெறும் வயிற்றோடு பஸ் ஏறுகிறது. இரண்டாவது பீரியடில் தலை சுற்றி உட்கார்ந்தால், "புது எடம், புள்ள மெரண்டு போச்சு" என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். அதற்குப் பசி, அவ்வளவுதான். அதனால் வருஷக் கடைசியில் பெற்றோர் கூட்டத்தில் நான் முதலில் எடுக்கிற பேச்சு இதுதான்: ஜூன் மாதத்திலிருந்து காலையில் இந்தப் பிள்ளைக்கு யார் சோறு போடப் போகிறீர்கள்? பழைய சோறும் வெங்காயமும் போதும், ஆனால் எடுத்துப் போட ஒரு ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவோ சித்தியோ யாராவது ஒருவர் பேரைச் சொல்லும்வரை அவர்களை விடுவதில்லை.

இதற்கு அடுத்தபடி பிள்ளைகளுக்குப் பெரிய உதவி, அந்த இடத்தை முன்கூட்டியே கண்ணால் பார்ப்பது. தேர்வு முடிந்த கையோடு, பெரிய பள்ளி எச்.எம்.மிடம் பேசிவிட்டு, அவர்கள் ஜூனில் ஏறப்போகிற அதே டவுன் பஸ்ஸிலேயே கூட்டிப்போவோம். வேன் வைத்துத் தருகிறேன் என்று ஊரில் ஒருவர் ஆசையாகச் சொன்னார். வேண்டாம் என்றேன், வேனில் போனால் வேனைத்தான் தெரிந்துகொள்வார்கள். எந்த நிறுத்தத்தில் கூட்டம் ஏறும், கண்டக்டர் எப்படிக் கத்துவார், இறங்கி எந்தப் பக்கம் நடக்கணும், இதெல்லாம் பஸ்ஸில்தான் பிடிபடும். புது பாஸ் கைக்கு வரும்வரை சீருடையோடு ஏறினால் டிக்கெட் கேட்க மாட்டார்கள் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுவேன். சில்லறை இல்லாததால் பஸ்ஸில் ஏறாமல் திரும்பி வந்த பிள்ளைகள் உண்டு.

உள்ளே போனதும் லேப், ஸ்மார்ட் கிளாஸ் என்று அங்குள்ள ஆசிரியர்கள் பெருமையோடு காட்டுவார்கள். பிள்ளைகளின் கண் அங்கே நிற்காது. ஒரு முறை எங்கள் பெண் ஒருத்தியைக் காணோம் என்று தேடினேன். பெண்கள் கழிப்பறையில், ஒவ்வொரு கதவாக உள்ளே போய்ச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, வெளியே வந்துகொண்டிருந்தாள். முதல் கதவில் தாழ்ப்பாள் இருந்தது, ஆனால் கொக்கி துளைக்குள் போகவில்லை. கடைசிக் கதவில் தாழ்ப்பாளே இல்லை, கயிறு கட்டியிருந்தார்கள். "நடுவுல இருக்கறது நல்லாயிருக்கு டீச்சர்" என்றாள், வாங்குகிற வீட்டைச் சுற்றிப் பார்த்து முடித்த பெரிய மனுஷி மாதிரி. மற்ற பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஆறாம் வகுப்பிலேயே வயதுக்கு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தாழ்ப்பாள் விழுகிற கதவு எது என்பது அவர்களுக்கு எந்த ஸ்மார்ட் கிளாஸையும் விட அவசியமான பாடம். அந்தக் கொக்கியைப் பற்றி அங்கிருந்த எச்.எம்.மிடம் சொன்னோம். அவரும் முகம் சுளிக்காமல் ஆளைக் கூப்பிட்டு விட்டார்.

பீரியடுக்கு ஒரு ஆசிரியர் மாறுவார் என்பதும் எங்கள் பிள்ளைகளுக்குப் புதுசு. காலையிலிருந்து மாலைவரை ஒரே முகத்தைப் பார்த்தவர்கள். கடைசி வாரங்களில் எச்.எம். சாரும் நானும் மணி அடித்து மாறி மாறிப் போவோம். மணி அடித்ததும் தமிழ் நோட்டை உள்ளே வைத்து, கணக்கு நோட்டை வெளியே எடுத்து, எழுந்து வணக்கம் சொல்வது அவர்களுக்கு விளையாட்டாகிவிடும். பென்சிலிலிருந்து பேனாவுக்கும் அப்போதே மாறிவிடுவோம். விரலெல்லாம், சட்டைப் பையெல்லாம் மை. அந்தக் கூத்தெல்லாம் எங்களிடமே முடிந்துவிடட்டும்.

இவ்வளவும் செய்தாலும் வீட்டில் ஒரே ஒரு வரியில் கெடுத்துவிடுவார்கள். "இரு, ஹைஸ்கூல் போ, அப்பத் தெரியும் சங்கதி. தோலை உரிச்சிடுவாங்க." பல் தேய்க்காததற்கும் இதுதான், தம்பியைக் கிள்ளியதற்கும் இதுதான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது பூச்சாண்டி இருந்த இடத்தில் இப்போது பெரிய பள்ளிக்கூடம். மாதக்கணக்கில் பூச்சாண்டி காட்டிவிட்டு, ஜூன் முதல் நாள் அந்தப் பூச்சாண்டியிடமே கொண்டுபோய் விட்டு, "ஏன் அழற?" என்று கேட்பது என்ன நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை. இதை மட்டும் நான் பெற்றோரிடம் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். புது வீடு, புது ஊர், பிறக்கப்போகிற தம்பி, எதை வைத்தும் பயமுறுத்தாதீர்கள். "பாப்பா வந்துட்டா உன்னை யாரும் தூக்க மாட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்கிற அத்தைகளுக்கும் சேர்த்துத்தான்.

பக்கத்து அங்கன்வாடியில் ஜூன் மாதம் நடப்பது வேறொரு கதை. முதல் முறையாகப் பிள்ளையை விடவந்த அம்மா வாசலில் நிற்பார். பிள்ளை சொப்புச் சாமானில் கொஞ்சம் கவனம் வைத்ததும், "இப்பப் போ, திரும்பிப் பாக்காத, பாத்தா அழும்" என்று சுற்றியிருக்கிற அத்தனை பேரும் சைகை காட்டுவார்கள். அம்மா நழுவிவிடுவார். இரண்டு நிமிஷம் கழித்துப் பிள்ளை திரும்பிப் பார்க்கும். ஆள் இருக்காது. அழுகையைத் தவிர்க்கத்தான் நழுவினார், ஆனால் அழுகை வரத்தான் செய்கிறது, அம்மாவிடம் அழ வேண்டியதை ஊராரிடம் அழுகிறது. அதைவிட மோசம் அடுத்த நாள். விளையாட்டில் கவனம் வைத்தால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. முந்தானையைப் பிடித்த கை விடாது, எந்தச் சொப்பைக் காட்டினாலும் ஓரக்கண்ணால் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

சொல்லிவிட்டுப் போவதுதான் நல்லது. அழட்டும். "அம்மா இப்பப் போறேன். நீ சாப்பிட்டு, தூங்கி எந்திரிச்சதும் ஆயா வந்து கூட்டிட்டுப் போகும்" என்று பிள்ளைக்குப் புரிகிற நேரக்கணக்கில் சொல்ல வேண்டும். மூணு மணி என்றால் அதற்குத் தெரியாது, தூங்கி எழுந்ததும் என்றால் தெரியும். சொன்னபடி தூங்கி எழும்போது ஆயா வாசலில் நிற்க வேண்டும். நாலு நாள் அழுதாலும், சொன்ன சொல் நிற்கிறது என்று பிடிபட்டதும் ஆறிவிடும்.

ஆசிரியர்களும் நழுவுகிறவர்கள்தான். மே மாதம் இடமாறுதல் கலந்தாய்வு, பிடித்த இடம் கிடைத்துவிடும், ஜூனில் பிள்ளைகள் வந்து பார்த்தால் வேறு டீச்சர். விடைபெறுவதற்குப் பெரியவர்களுக்கே கூச்சம், அதைப் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று அவர்கள் தலையில் போட்டுவிடுகிறோம். நானும் இந்தப் பள்ளிக்குப் பணி நிரவலில், அதாவது ஆசிரியர் உபரியாக இருக்கிற பள்ளியிலிருந்து தேவைப்படுகிற பள்ளிக்கு மாற்றுகிறார்களே அதில், வந்தவள். எனக்கு முன்னால் இருந்த டீச்சர் நான் சேர்ந்த அன்று நேரில் வந்து, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, "இனிமே இவங்கதான் உங்க டீச்சர், நான் இன்ன ஊர்ல இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டையும் கொடுத்தார். பிள்ளைக்கு ஒரு பக்கம். இவன் இடதுகைக்காரன், இடது பக்கம் யாரையும் உட்கார வைக்க வேண்டாம். இவள் சத்தமாகக் கூப்பிட்டால் பேச மாட்டாள், பக்கத்தில் போய்க் கேட்கணும். இவனுக்கு அப்பா இல்லை, "அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா" என்று சொல்லிவிட வேண்டாம். கல்வித் துறை பிள்ளைகளின் விவரங்களைச் சேர்த்துவைக்கிற எமிஸ் தளத்தில் பிள்ளையின் உயரம், எடை, ரத்த வகை வரை ஏற்றுகிறோம். இந்த மூன்று வரிகளை ஏற்ற அங்கே இடம் கிடையாது. இப்போது ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளின் டிசியோடு நானும் அப்படி ஒரு தாள் எழுதி அனுப்புகிறேன். படிக்கிறவர்களும் உண்டு, மேசை அறைக்குள் போடுகிறவர்களும் உண்டு.

எங்கள் பக்கம் பொங்கல் முடிந்ததும் சில குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்குக் கிளம்பும், திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கமாக. மழைக்கு முன்னால் திரும்பும். அந்தப் பிள்ளைகளுக்குப் பஸ் ஒத்திகை பார்க்கவெல்லாம் அவகாசம் இருப்பதில்லை. ராத்திரியில் லாரி வரும், காலையில் பெஞ்சு காலி. ஆயாவிடம் விட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லிப் பார்ப்போம். சிலர் கேட்பார்கள். போகிற பிள்ளையிடம் எமிஸ் எண்ணை நோட்டு அட்டையில் எழுதிக் கொடுத்து, அந்த ஊர்ப் பள்ளிக்கு ஒரு போன் போட்டுவைப்போம். திரும்பி வந்ததும் "எங்கடா போன இத்தன நாளா?" என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் வகுப்பில் சட்டம். அதன் பெஞ்சு இடத்தை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. சூளைப் பிள்ளைகளுக்கு எங்களால் முடிவது இவ்வளவுதான், அது போதாது என்பதும் தெரியும்.

மாற்றத்துக்கு ஒத்திகை பார்ப்பதெல்லாம் அதிகப்படி, பிள்ளைகள் தானாகப் பழகிக்கொள்வார்கள் என்று சொல்கிறவர்களுக்கு நான் கொரோனாக் காலத்து ஆறாம் வகுப்பை நினைவுபடுத்துவேன். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். ஒன்று முதல் எட்டு வரை திறந்தது 2021 நவம்பர் 1. மூடியபோது ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் ஆறாம் வகுப்பு பெஞ்சில் ஒரு நாள்கூட உட்காராமல், நேராக ஏழாம் வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள். குரல் உடைந்து, மீசை அரும்பி, உள்ளுக்குள் இன்னும் எங்கள் பள்ளிப் பிள்ளைகளாகவே இருந்தார்கள். பாடத்தில் விட்டதைப் பற்றி அப்போது எல்லோரும் பேசினார்கள். அவர்களோ மாலையில் பஸ் இறங்கியதும் எங்கள் பள்ளி கேட் பக்கம் வந்து நிற்பார்கள். எச்.எம். சார் ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டுவிடுவார். சின்னப் பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் கல்லா மண்ணா விளையாடிவிட்டுப் போவார்கள். தை மாதம் வந்தபோது வருவது தானாக நின்றுவிட்டது.

ஜூன், ஜூலையில் வீட்டில் என்ன பார்க்கலாம் என்று பெற்றோர் கேட்பார்கள். திங்கட்கிழமை காலை வயிற்று வலி. என்றைக்கோ நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வரலாம். மழலை பேசும், தம்பியோடு ஓயாத சண்டை, ஆயா பக்கத்தில்தான் படுப்பேன் என்று அடம். பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். இந்த நேரம் பார்த்து, "பெரிய பையனாயிட்ட, இனிமே தனியாப் படு, தெருவுல வெளையாடாத, டியூசன் போ" என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றாமல் இருந்தால் போதும். ஒன்று மாறும்போது மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். பாய் விரிக்கிற இடம்கூட. அப்புறம், "ஸ்கூல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லாருந்துச்சு" என்பதைத் தாண்டி ஒன்றும் வராது. இன்னிக்குச் சாப்பிடும்போது பக்கத்துல யாரு? பஸ்ல உக்கார எடம் கெடச்சுதா? கணக்கு பீரியடுக்கு யார் வந்தாங்க? இப்படிக் கேட்டால் பாதி ஊர்க்கதை வந்துவிடும், நடுவில் தெரிய வேண்டியதும் வந்துவிடும்.

எல்லாவற்றையும் பழக்கத்தில் சேர்த்துவிடவும் கூடாது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று மறுத்தால், ஒரு குறிப்பிட்ட ஆளின் பேரைச் சொன்னதும் பேச்சை நிறுத்தினால், காசு அடிக்கடி தொலைந்தால், உடம்பில் காயம் இருந்தால், அது புது இடத்துப் பயம் இல்லை. வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். அங்கே பேச முடியாவிட்டால் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 இரண்டும் இலவசம்தான். இந்த எண்களை எங்கள் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறோம்.

ஆண்டு விழாவுக்குப் பழைய பிள்ளைகள் வருவார்கள். ஐந்தாம் வகுப்பை அவர்களோடு உட்கார வைத்துவிட்டு நான் தள்ளி நின்றுகொள்வேன். நான் ஒரு மாதம் சொல்வதை அவர்கள் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள், எந்தக் கடையில் எலந்த வடை நன்றாக இருக்கும் என்பது உட்பட. கொஞ்சம் கதையும் விடுவார்கள். போன முறை ஒருவன், அங்கே கணக்கு சார் தப்பாகப் போட்டால் டஸ்டரை வீசுவார், குறி தப்பாது என்று ஏற்ற இறக்கத்தோடு சொல்ல, ஐந்தாம் வகுப்பு முழுக்க வெளிறிப்போனது. நான் அங்கேயே அந்தப் பள்ளி எச்.எம்.முக்குப் போன் போட்டேன். அவர் சிரித்துவிட்டார். "அந்த சார் ரிடையராகியே ரொம்ப நாளாச்சும்மா. இவன் அவரைப் பாத்திருக்கவே மாட்டான்."

பையன் அசடு வழிந்தான். அவனுக்கும் அது எட்டாவது அண்ணன் சொன்ன கதைதானாம். உடனே முன் வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்ப இப்ப இருக்கற கணக்கு சார் எப்படி?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "மீசை பெருசா இருக்கும். ஆனா புரியலன்னா திரும்பச் சொல்லிக் குடுப்பாரு. மூணாவது தடவ கேட்டாத்தான் மொறைப்பாரு."